ஏழாம் நம்பர் குச்சி

நவம்பர் 6, 2000. திங்கள்.

ப்ராஜெக்ட் தலைப்பு மூன்றாவது முறையாக மாறியாயிற்று. முதலில் யூகலிப்டஸ் என்றார் எங்கள் கைடு ஜெஸிந்தா மேடம். பிறகு ஊட்டி ஏரி. இன்று மத்தியானம் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே, "ராஜகுமாரி, உங்க எஸ்டேட்ல ஒரு சதுப்பு இருக்குன்னு சொன்னியே, அதையே எடு" என்கிறார். இதை நான் ஜூலையில் சொன்னேன். அப்போது அவர் காதில் விழவில்லை.

நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்துக்கு மேலே, தேயிலைக்கும் சோலைக்கும் நடுவில் கிடக்கும் சேற்றுப் பள்ளம்தான் அந்தச் சதுப்பு. அதில் ஊறுகிற தண்ணீர்தான் குழாய் வழியாக வந்து லயத்துப் பீலியில் கொட்டுகிறது. நாற்பது குடும்பமும் அங்கேதான் குடம் வைக்கிறது. பள்ளத்தில் பத்துக் கட்டம் பிரித்து, மழையில்லாத மாதங்களில் மண்ணுக்குள் தண்ணீர் எவ்வளவு கீழே போகிறது என்று மார்ச் முடிய வாராவாரம் அளக்க வேண்டும். நிபந்தனை ஒன்றே ஒன்று: அதுவரை அங்கே ஒரு மண்வெட்டி விழக்கூடாது. விழுந்தால் ப்ராஜெக்ட் செல்லாது. ப்ராஜெக்ட் இல்லாமல் டிகிரி இல்லை.

"ரொம்ப ஈஸி" என்றார் மேடம். நடுவட்டம் பஸ்ஸில் தினமும் ஒற்றைக் காலில் நின்று வருகிறவளுக்கு எல்லாமே ஈஸிதான்.

நவம்பர் 11. சனி.

ஸ்ரீமதி வந்தாள். ப்ராஜெக்டில் என் கூட்டாளி. குன்னூரில் அவள் அப்பா ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார் என்பதால் பெயிண்டும் பைப்பும் அவள் பொறுப்பு. புது ஷூ போட்டுக்கொண்டு சதுப்புக்கு வந்திருக்கிறாள் மகராசி. ஒரு ஷூ இன்னும் மூன்றாவது கட்டத்துக்குள்தான் இருக்கிறது.

சீகைமரக் குச்சிகளைச் சீவி, வெள்ளையடித்து, கறுப்பில் நம்பர் எழுதினோம். கீழே பீலிப் பக்கம் ஒன்று, மேலே சோலையோரம் பத்து. கட்டத்துக்கு ஒரு நம்பர் குச்சி, பக்கத்தில் ஓட்டை போட்ட ஒரு பிளாஸ்டிக் பைப். பைப்புக்குள் அளவுகோலை விட்டால் தண்ணீர் எத்தனை ஆழத்தில் நிற்கிறது என்று தெரியும்.

அப்பா கொழுந்து நிறுத்துவிட்டு வந்தவர், குச்சிகளை ரொம்ப நேரம் பார்த்தார். "எதுக்கு புள்ள இதெல்லாம்?"

"படிப்புக்குப்பா."

"ம்."

அவ்வளவுதான். விளக்கலாம்தான். ஆனால் போன வருஷம் அம்மாவுக்கு நிலத்தடி நீர் பற்றி அரைமணி நேரம் சொன்னேன்; கடைசியில், "சரி, இதுக்கு என்ன வேலை குடுப்பாங்க?" என்றாள். செவிடன் காதில் சங்கு ஊத எனக்கு மூச்சு இல்லை.

நவம்பர் 19.

கணுக்காலில் ஏழு அட்டை. எண்ணினேன்.

டிசம்பர் 4. திங்கள்.

பீலியையும் அளக்க வேண்டுமாம். பத்து லிட்டர் பக்கெட் நிறைய எத்தனை வினாடி ஆகிறது என்று பார்க்க வேண்டும். காலையில் வாட்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். 22 வினாடி. மூன்று தடவை பார்த்தேன், 22, 22, 23.

பின்னால் தெய்வம்மாக்கா, எங்கள் லயத்தில் வாய்க்கு வரி கட்டாதவள், குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, "ஏன் புள்ள, தண்ணிக்கு எதுக்கு மணி பாக்குற? அது என்ன பஸ்ஸா, லேட்டா வரதுக்கு?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். இவர்களோடு யார் மல்லுக்கட்டுவது?

டிசம்பர் 19. செவ்வாய்.

ஃபேக்டரிக் கதவில் நோட்டீஸ். பச்சைக் கொழுந்துக்கு விலை இல்லை, இனி வாரத்துக்கு இரண்டு நாள்தான் வேலை. அம்மா நோட்டீஸைப் பார்த்துவிட்டு வந்து, அடுப்பு முன்னால் இடிந்துபோய் உட்கார்ந்து ரொட்டி சுட்டாள். சிலோனில் இருந்து கப்பலேறி வந்தபோதுகூட இவள் இப்படி உட்கார்ந்ததில்லை என்று அப்பா சொன்னார்.

எஸ்டேட்டை மூடிவிட்டு நிலத்தைத் தொழிலாளிக்கே பிரித்துக் கொடுக்கப் போகிறார்கள் என்று லயம் முழுக்கப் பேச்சு. யார் சொன்னது? யாருக்கும் தெரியாது. ஆனால் எல்லாருக்கும் உறுதியாகத் தெரியும்!

ஜனவரி 7, 2001.

நாளை முதல் பத்து நாள் அவலாஞ்சியில் ஃபீல்டு கேம்ப். உறைபனி கொட்டுகிற மாதம் பார்த்து வைத்திருக்கிறார்கள் புண்ணியவான்கள். பீலி 25 வினாடி. பத்துக் கட்டமும் பத்திரம்.

ஜனவரி 18. வியாழன்.

எழுதவே கை வரவில்லை.

பஸ்ஸிலிருந்து இறங்கி, பையோடு நேரே பள்ளத்துக்குத்தான் போனேன். பள்ளம் எங்கே? புல்லைக் காணோம். கறுப்பு மண்ணைப் புரட்டிப் போட்டு, பாத்தி கட்டி, நடுநடுவே முழங்கால் ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டி, தண்ணீரை வடிய விட்டிருக்கிறார்கள். பத்துப் பாத்தி. ஒவ்வொரு பாத்தி நடுவிலும் என் குச்சி. ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக, பத்து வரைக்கும்! நான் அளந்த அளவு, ஒரு அடி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. என் பைப்பைப் பிடுங்கி அவரைக்கொடிக்கு ஊன்றியிருக்கிறாள் தெய்வம்மாக்கா.

கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை.

பொன்னுத்துரை மாமாதான் வந்தார். எங்கள் கங்காணி. முப்பது வருஷமாகக் காலையில் பெரட்டில் நின்று பேர் கூப்பிட்டு வேலை பிரிப்பவர். வெள்ளைக் குச்சியில் நம்பர் போட்டுத் தேயிலை மலையில் நட்டுவிடுவார். மூன்று என்றால் மூன்றாம் குச்சியில் ஆள் போய் இறங்க வேண்டும். ஏன், எதற்கு என்று எவரும் கேட்டதில்லை.

"சத்தம் போடாத புள்ள. ஆபீசுலேர்ந்து நிலம் பிரிச்சிக் குச்சி நட்டுருக்கு. நாப்பது வூட்டுக்கும் சீட்டுப் போட்டு, விழுந்த பத்துப் பேரப் பேர் கூப்பிட்டுத்தான் குடுத்தேன். ஒருத்தருக்கும் அநியாயம் பண்ணல."

"ஆபீஸ் இல்ல மாமா, நான் நட்டது! நான்!"

"அதான், ஆபீசுல சொல்லி நீ நட்ட. ஒங்கப்பனே சொன்னானே."

அப்பா? திரும்பிப் பார்த்தேன். ஏழாம் நம்பர் பாத்தியில் மண்வெட்டியோடு நிற்கிறார் எங்கப்பா. "எம்மகதான் அளந்து நட்டுச்சு"ன்னு ஊரெல்லாம் பீத்திக்கிட்டிருக்காரு. பெருமையாம் பெருமை! படிப்புக்குன்னு சொன்னேனேப்பா, படிப்புக்குன்னு சொன்னேனே. நம்பர் போட்ட வெள்ளக் குச்சியப் பாத்தா வேற என்னதான் நெனைப்பாங்க இவங்க? நானும்தான் இந்த லயத்துல பொறந்தேன். எனக்குத் தோணல பாருங்க. தலையில மண்ண வாரிப் போட்டுக்கிட்டது வேற யாருமில்ல, நானேதான்.

ஜனவரி 19.

"ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?" என்றேன் அப்பாவிடம்.

"ஒரு வார்த்த நீ சொல்லியிருக்கலாம்ல?" என்றாள் அம்மா அடுப்படியிலிருந்து.

ஜனவரி 22. திங்கள்.

மேடம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "தோண்டின இடத்துல என்னத்த அளப்ப? வேற சதுப்பு பாரு, இல்லேன்னா அடுத்த வருஷம் திரும்பப் பண்ணு" என்றார். வேறு சதுப்புக்கு நவம்பரிலிருந்து யார் அளந்து வைத்திருக்கிறார்கள்? அடுத்த வருஷம் வரை எங்கள் வீட்டில் யார் என்னைப் படிக்க வைப்பார்கள்?

வெளியே வந்ததும் ஸ்ரீமதி, "இதுக்கேன்டி அழுவுற? டிசம்பர் நம்பர எடுத்து அங்கொண்ணு இங்கொண்ணு மாத்திப் போட்டா ஆச்சு. சேத்துக்குள்ள எறங்கி யாரு பாக்கப் போறாங்க? எங்கப்பாவே, 'அந்தச் சேத்த அளந்து என்னம்மணி பண்ணப் போறீங்க'ன்னு கேக்குறாரு" என்றாள்.

கோபம் வந்தது. அதைவிடக் கோபம், ராத்திரி முழுக்க அந்த நம்பர்களை மனசுக்குள் மாற்றிப் போட்டுப் பார்த்தேனே, அதற்கு.

பிப்ரவரி 5.

பீலி 38 வினாடி. எழுதி வைக்கிறேன். எதற்கு என்று தெரியாது. கை பழகிவிட்டது.

பிப்ரவரி 18. ஞாயிறு.

47. பெரட்டுக்களத்தில் எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னேன். சதுப்பு பஞ்சு போல மழைத்தண்ணீரை உறிஞ்சி வைத்திருக்கும், வெயில் காலத்தில் சொட்டுச் சொட்டாக விடும், வாய்க்கால் வெட்டினால் எல்லாம் ஒரே மூச்சில் வடிந்து போகும், பீலி வற்றிவிடும் என்றேன். நன்றாகத்தான் சொன்னேன்.

"தண்ணி மலையிலேர்ந்து வருது புள்ள, கேரட்டுலேர்ந்தா வருது?" என்றார் பொன்னுத்துரை மாமா. சிரிப்பு.

"வேல ரெண்டு நாளு. மீதி அஞ்சு நாளைக்கு ஒன் சதுப்பயா திங்கிறது?" என்றாள் தெய்வம்மாக்கா. அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

பிப்ரவரி 26. திங்கள்.

55. மேடத்திடம் போய், தோண்டுவதற்கு முன், தோண்டிய பின் என்று இரண்டையும் எழுதுகிறேன் என்றேன். யார் தோண்டினார்கள், ஏன் தோண்டினார்கள் என்பதையும் எழுதுகிறேன் என்றேன்.

"உன் தப்ப நீயே எழுதுவியா?"

"எழுதுவேன் மேடம்."

"எழுது, பாக்கலாம். பாஸ் போடுவாங்கன்னு சொல்லமாட்டேன்." ஸ்ரீமதி தலையில் அடித்துக்கொண்டாள். இருந்தாலும் கையெழுத்துப் போட்டாள்.

மார்ச் 17. சனி.

96 வினாடி. பீலியில் வரிசை லயத்துக் கடைசி வீடு வரை நிற்கிறது. இன்று அம்மாவுக்கும் தெய்வம்மாக்காவுக்கும் குடத்துக்குச் சண்டை. முப்பது வருஷம் ஒரே தேயிலை நிரையில் கொழுந்து எடுத்தவர்கள். அம்மாவின் குடம் நசுங்கிவிட்டது. அம்மா அழுதாள்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அப்பாவைக் கையைப் பிடித்து ஏழாம் நம்பருக்கு இழுத்துப் போனேன். அங்கே மட்டும் பைப் அப்படியே நிற்கிறது. "ஒன்னுதுன்னு தெரியும், அதான் தொடல" என்றார். அளவுகோலை அவர் கையிலேயே கொடுத்தேன். "நீங்களே விடுங்க. நவம்பர்ல உள்ளங்கை ஆழத்துல தண்ணி." விட்டார். அடி வரைக்கும் போயிற்று. எடுத்தார். நுனியில்கூட ஈரமில்லை. விரலால் தடவிப் பார்த்தார், திரும்ப விட்டார், திரும்ப எடுத்தார்.

சுற்றிலும் கேரட் சுண்டுவிரல் பருமனுக்கு வந்திருக்கிறது. இன்னும் ஒரு மாசம் விட்டால் மூட்டை கட்டலாம். அதையும் பார்த்தார். அளவுகோலை என் கையில் திருப்பிக் கொடுத்தார். சொல்லியே ஆகவேண்டும் என்று வந்தவள், அதை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தேன்.

மார்ச் 18. ஞாயிறு.

காலையில் அப்பாவைக் காணோம். பள்ளத்தில் இருந்தார். புல் கட்டிகளை வெட்டி வெட்டித் தன் வாய்க்காலை அடைத்துக்கொண்டிருந்தார். கேரட் எல்லாம் பிஞ்சாகவே பிடுங்கிக் கரையில் கிடந்தது. ஏழாம் நம்பர் குச்சியில் அம்மாவின் பழைய ஜாக்கெட்டைக் கிழித்துக் கட்டியிருந்தார். சிவப்பு.

எங்கள் தோட்டத்தில் மருந்து அடித்த மலையில்தான் சிவப்புத் துணி கட்டுவார்கள். சிவப்பு இருந்தால் அவிழ்க்கும் வரை யாரும் கால் வைக்கக்கூடாது. நான் தொண்டை கிழியச் சொன்னதை அந்த ஒரு முழத் துணி சொல்லிவிட்டது.

"யார்றா பழனியாண்டி இங்க மருந்தடிச்சது?" என்று அப்பாவைக் கேட்டுக்கொண்டே வந்தார் பொன்னுத்துரை மாமா.

"ஒருத்தரும் அடிக்கலண்ணே. பீலி நிக்கப் போவுது. நான் அடைச்சிட்டேன். எனக்கு மேல உள்ள மூணு பேரும் அடைச்சா நல்லது."

மாமா குனிந்து வாய்க்காலைப் பார்த்தார். பிடுங்கிப் போட்ட கேரட்டைப் பார்த்தார். அதைத்தான் ரொம்ப நேரம் பார்த்தார்.

மார்ச் 19. திங்கள்.

பெரட்டில் அறிவித்தாராம்: "ஏழுலேர்ந்து பத்து வரைக்கும் செவப்பு. யாரும் எறங்கப்படாது. அந்த நாலு வூட்டுக்கும் கீழ் ஆறு பாத்தியில ஆளுக்குக் கொஞ்சம் விட்டுக் குடுக்கணும்."

ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லையாம். அதானே!

ஏப்ரல் 11. புதன்.

வைவா. கோயம்புத்தூரிலிருந்து வந்த எக்ஸாமினர், "இந்த இடத்தக் கெடுத்தது யாரும்மா?" என்றார்.

"நான்தான் சார். என் குச்சி."

பக்கத்தைப் புரட்டினார். மறுபடி முதல் பக்கத்துக்கு வந்தார். மேடம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏப்ரல் 27.

பாஸ். மார்க் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. அம்மா, "சரி, இதுக்கு என்ன வேலை குடுப்பாங்க?" என்றாள். இந்தத் தடவை சிரிப்பு வந்துவிட்டது.

மே 6. ஞாயிறு.

நாலு நாள் நல்ல மழை. மேலே மண்ணுக்குள் தண்ணீர் நிற்கிறதா என்று பார்க்காமல் இருக்க முடியவில்லை. அளவுகோலை எடுத்துக்கொண்டு ஏழாம் நம்பரில் இறங்கினேன். வாய்க்கால் இருந்த இடமெல்லாம் கோரை முளைத்திருக்கிறது. இரண்டு எட்டுத்தான் வைத்திருப்பேன்.

"ஏய்! யாரது?" கீழே பீலியிலிருந்து தெய்வம்மாக்காவின் குரல். "செவப்புத் துணி கண்ணுக்குத் தெரியல? ஏறு மேல!"

"அக்கா, நான்தான், ராஜகுமாரி! அது என் குச்சிக்கா!"

"எவ குச்சியா இருந்தா எனக்கென்ன? ஏறு! மாமாவக் கூப்புடவா?"

படித்துப் படித்துச் சொன்னபோது ஒருத்தி கேட்டாளா? ஏறினேன். செருப்பில் அப்பிய சேற்றைப் புல்லில் தேய்த்துவிட்டு பீலிக்கு வந்து, பக்கெட்டை வைத்தேன். வாட்சை வீட்டிலேயே மறந்துவிட்டேன்.

"அம்பத்தெட்டு" என்றாள் தெய்வம்மாக்கா, குடத்தைத் தூக்கிக்கொண்டே. "வெடியக்காலையில எண்ணிட்டேன். நேத்து அறுவத்தொண்ணு."