இருபத்திரண்டு ஓடுகள்

அன்புள்ள அப்பாவுக்கு,

ஸ்தோத்திரம். நான் சுகம். அம்மாவுக்கு முட்டிவலி தேவலையா?

இங்கே ஒரு ஆலயச் சுவரில் எபிரெய எழுத்துகள் இருபத்திரண்டையும் ஓடுகளாகப் பதிக்கும் வேலை கிடைத்தது. ஓடுகளின் பின்னால் வரிசை எண் இருந்தது. நானும் நம் பழக்கத்தில் இடமிருந்து வலமாகப் பதித்துவிட்டேன். போதகர் வந்து பார்த்துச் சிரித்துவிட்டார். எபிரெயத்தை வலமிருந்து இடமாக வாசிக்க வேண்டுமாம்.

"தெரிஞ்சவங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?" என்றார் மேஸ்திரி. வேறொன்றும் சொல்லவில்லை, பயப்படாதீர்கள்.

சாந்து காயுமுன் பெயர்த்தேன். ஆறாவது ஓட்டில் கை நின்றுவிட்டது. "ஆறு மனுஷனோட எண். ஆறாவது எழுத்துக்கு ஆணின்னு அர்த்தம். மனுஷனைத் தேவனோட சேர்த்த சிலுவை ஆணிடா" என்று உங்கள் எபிரெய நோட்டைத் திறந்து வைத்துச் சொல்வீர்களே. "இதெல்லாம் சோறு போடுமாப்பா?" என்று ஒருநாள் விருந்தாளிகள் முன்னால் கேட்டேன். அன்று நோட்டை மூடியவர், பிறகு என்னிடம் அதைத் திறக்கவேயில்லை.

இந்த மாதம் எனக்குச் சோறு போடுவது அந்த எழுத்துகள்தான்.

ஒரு பழைய போர்வை அனுப்புங்கள். அறையில் பேச ஆளில்லை, ஞாயிறு போன் செய்கிறேன். முதல் எழுத்திலிருந்து சொல்லுங்கள், குறுக்கே பேசமாட்டேன். வேலைக்குப் போகும் வண்டி வந்துவிட்டது.

அந்த நோட்டை எடைக்குப் போட்டுவிடவில்லையே அப்பா?

உங்கள் மகன்