பச்சை மசியில் பன்னிரண்டு சந்தோஷங்கள்

உன் தம்பி அனுப்பிய பெட்டியைத் திறந்ததும் பாச்சை உருண்டை வாசனைதான் முதலில் வந்தது. சேலைகளுக்கு அடியில் அந்த அட்டை. ஏற்காட்டு ஈரத்தில் ஓரமெல்லாம் பூசணம் பிடித்துவிட்டது, உன் பச்சை மசி மட்டும் மங்கவில்லை. ஹேப்பி, சியர்ஃபுல், டிலைட்டட், கன்டென்டட் என்று பன்னிரண்டு வார்த்தைகள், பன்னிரண்டும் சந்தோஷத்துக்கே. செத்த பிறகும் இதை என் தலையில் கட்டிவிட்டாய்.

அப்போது விடுதியில் நான் மேட்ரன், நீ இங்கிலீஷ் டீச்சர். எண்பதுகளின் தொடக்கம். ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததும் பிள்ளைகள் வீட்டுக்குக் கடிதம் எழுத வேண்டும், அதுவும் இங்கிலீஷில். நீ இந்த அட்டையைக் கரும்பலகையில் மாட்டுவாய். ஒவ்வொரு கடிதத்திலும் மூன்றாவது வரியில் இதிலிருந்து ஒரு வார்த்தை வந்தே ஆக வேண்டும். ஆரம்பத்தில் வீட்டு ஏக்கத்துக்கும் ‘ஹோம்சிக்’ என்று ஒன்று இருந்தது. மகள் கடிதத்தில் அதைப் படித்து ஒரு தகப்பன் பதறி ஓடி வந்த பிறகு, அதன் மேல் வெள்ளைத்தாளை ஒட்டினாய். ஊட்டுல இருக்கறவங்க எதுக்கு வீணாப் பயப்படோணும் என்றாய். பெரிய கரிசனம்தான்.

உன் பாடும் அதே லட்சணம்தானே. உன் கல்யாணப் பேச்சு முறிந்தபோது மூன்று நாள் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தாய். என்னவென்று கேட்டால், “கொஞ்சம் அப்செட்” என்றாய். வாய்விட்டு அழத் துப்பில்லாதவளுக்கு இங்கிலீஷ் ஒரு போர்வை என்று நினைத்துக்கொண்டேன். நினைத்ததோடு சரி, கஞ்சியை வைத்துவிட்டுப் போய்விட்டேன்.

அந்த வருஷம் காலாண்டு லீவு முடிந்துதான் செல்வி வந்து சேர்ந்தாள். சேலத்துக்கு அந்தப் பக்கம் ஊர், எட்டு வயது. நான் தலை வாரும்போதெல்லாம் ஊட்டுக்குப் போவோணும், அம்மாவப் பாக்கோணும் என்பாள். உன்னிடம் வந்து சொன்னேன். பழகிவிடும் என்றாய். ஞாயிறுதோறும் அவள் சியர்ஃபுல் என்றே எழுதினாள். அவள் கையெழுத்தை மற்றப் பிள்ளைகளுக்குத் தூக்கிக் காட்டிப் பீற்றிக்கொண்டாய்.

காபிப் பழம் பறிக்கும் சமயத்தில் அவளைக் கூட்டிப்போக அவளுடைய அப்பா வந்தார். தலையை மொட்டையடித்திருந்தார். செல்வியின் அம்மா இறந்து மூன்று நாள் ஆகியிருந்தது. அவர் பைக்குள் இருந்து அதுவரை அவள் எழுதியிருந்த எட்டுக் கடிதங்களையும் எடுத்தார். பஸ் டிப்போ குமாஸ்தா ஒருவரிடம் அர்த்தம் கேட்டு வந்து இவர் சொல்ல, நோயில் படுத்த படுக்கையாகக் கிடந்த அந்த அம்மா கேட்பாளாம்.

“புள்ளயக் கூட்டியாரட்டுமானு கேட்டனுங்க. அது அங்க நொம்ப சந்தோசமா இருக்குது, அதைக் கெடுக்க வேண்டாம்னு சொல்லிப்போட்டாளுங்க” என்றார்.

நீ “ஸாரி” என்றாய். அவ்வளவுதான். ஒரு மனுஷன் பெண்டாட்டியைப் புதைத்துவிட்டு வந்து நிற்கிறான், அவனிடம் சொல்ல உனக்குத் தமிழில் ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. அன்றைக்கு உன்னை வெறுத்தேன். அந்த வெறுப்பு இன்னும் முழுசாகத் தீரவில்லை, மறைக்க என்ன இருக்கிறது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து செல்வி திரும்பி வந்தாள். தலை வாரும்போது ஒன்றும் கேட்கவில்லை. அந்த ஞாயிறு அட்டையை ஏறிட்டும் பார்க்காமல் அப்பாவுக்குக் கடிதம் எழுதினாள். மூன்றாவது வரியில் சியர்ஃபுல். அதை நீ படித்தாய். பிறகு வழக்கம்போல ஓரத்தில் சிவப்பு மசியால் ‘குட்’ என்று எழுதினாய்.

நேற்று இந்த அட்டையை அடுப்பில் போட எடுத்துப் போனேன். உன் வெள்ளைத்தாள் பாதி உரிந்து, அடியில் இருந்த ‘ஹோம்சிக்’ எட்டிப் பார்த்தது. போட மனம் வரவில்லை. உன்னை ஏசுகிற ஏச்சில் பாதி எனக்கும் சேர வேண்டியது. தினமும் அந்தப் பிள்ளை என்னிடம் தமிழில்தான் சொன்னாள். அதை அவள் வீட்டுக்கு நாலு வரி எழுதிப்போட எனக்குக் கை இருந்தது. எழுதவில்லை. அவளுடைய ஒன்பது கடிதங்களையும் எண்ணி எடுத்துப்போய் ஒண்டிக்கடை முக்கில் இருந்த தபால் பெட்டியில் போட்டது நான்தான்.