சுட்டுட்டாங்க என்று சொன்னேன்

என் ஆசை அக்காவுக்கு,

உன்னைக் குத்திய காட்டெருமை உயிரோடு இருக்கிறது. அப்பாவுக்கு அது தெரியாது. அதைச் சுட்டுவிட்டார்கள் என்று அவரிடம் சொன்னவள் நான்தான்.

ஏரவாடா மிருக ஆஸ்பத்திரியில் நாய்களுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்த நீ, மூன்று மாதம் சம்பளமில்லாமல் ஆப்பிரிக்கக் காட்டில் வேலை செய்யப் போகிறேன் என்றபோது அப்பா சிரித்தார். “இங்க இல்லாத மிருகமா அங்க கீது?” என்றார். திருட்டு வேட்டைக்காரர்கள் புதரில் கட்டும் கம்பிச் சுருக்குகளைத் தேடி அறுப்பது உன் வேலை. “அப்பா பட்டறையில கெடக்குமே பிரேக் கம்பி, அதேதான்டி குள்ளி. கால்ல மாட்டுனா எலும்பு வரைக்கும் எறங்கிடுது” என்று எழுதியிருந்தாய்.

அப்படி ஒரு கம்பியோடு, அதைக் கட்டியிருந்த கட்டையையும் பிய்த்துக்கொண்டு வந்த எருமைதான் உன் வயிற்றில் கொம்பை இறக்கியது. இரண்டு முறை தூக்கி எறிந்ததாம். உன்னைக் கொண்டுவந்த பெட்டியைத் திறக்காதீர்கள் என்றார்கள். அப்பா உளியால் நெம்பித் திறந்தார். நானும் பார்த்தேன். ஏன் பார்த்தேன் அக்கா?

உன்னைப் புதைத்த மறுநாள், கசார்வாடியில் நம் பட்டறை வாசல் வழியாக, மாட்டுக்கொட்டில் வைத்திருக்கும் தபேலாக்காரரின் பால் எருமைகள் போயின. அப்பா இரும்புத் தடியோடு ஓடினார். கடைசி எருமையின் முகத்தில் அடித்தார். கொம்பு முறிந்து தொங்கும் வரை அடித்தார். “பாகல் ஹோ கயா க்யா?”, பைத்தியமா உனக்கு என்று கத்திக்கொண்டு வந்த தபேலாக்காரர் அப்பாவின் மூக்கை உடைத்தார். விஷயம் தெரிந்ததும் அவரே அப்பாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். நான் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினேன். எது அப்பாவின் ரத்தம், எது எருமையின் ரத்தம் என்று தெரியவில்லை. ஒரு கண் மூடிப்போய், அடிபட்ட இடத்திலேயே அது நின்றது. ஓடவே இல்லை.

இரண்டு நாள் கழித்துப் பட்டறைக்கு ஆப்பிரிக்காவிலிருந்து போன் வந்தது. அந்தக் காட்டின் மேலாளர். நம் வீட்டில் மிச்சமிருக்கும் இங்கிலீஷ் என்னுடையதுதான், அதுவும் ஒன்பதாவது வரை. எழுந்து வாசிக்கச் சொன்னால் குரல் வராமல்தானே நான் பள்ளிக்கூடத்தையே விட்டேன்? அவர் நிறுத்தி நிறுத்திப் பேசினார். எருமையைப் பிடித்துக் கம்பியை எடுத்துவிட்டார்களாம். அடைத்து வைத்திருக்கிறார்களாம். குடும்பம் கேட்டால் சுட்டுவிடுவார்களாம்.

“இன்னாடி சொல்றான்?”

“அத்த சுட்டுடலாமான்னு கேக்குறாருப்பா.”

“இதுல கேக்குறதுக்கு இன்னா கீது? சுடச் சொல்லு. உசுரோட வுடக் கூடாது.”

எனக்கு அந்த மூடிய கண்தான் தெரிந்தது. சுட வேண்டாம் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். பட்டறை முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்.

“சொல்லிட்டியா?”

“சொல்லிட்டேம்பா.”

மறுநாள் கேட்டார், “சுட்டாங்களா?”

“சுட்டுட்டாங்கப்பா.”

அன்றைக்குத்தான் அப்பா சோறு சாப்பிட்டார்.

போன வாரம் மேலாளர் ஒரு போட்டோ அனுப்பியிருக்கிறார். எருமை புல்லில் நிற்கிறது. முன்னங்காலைச் சுற்றி மயிர் முளைக்காத தழும்பு. எனக்குச் சந்தோஷமாக இல்லை. கொம்பையேதான் பார்த்தேன். இதில்தானே நீ தொங்கியிருப்பாய்? நீயும் சுடாதே என்றுதானே சொல்லியிருப்பாய்? இல்லை, அப்படி நானாக நினைத்துக்கொண்டேனா?

போட்டோ அரிசி டின்னுக்கு அடியில் இருக்கிறது. இந்தக் கடிதத்தை இங்குள்ள தமிழ்ச் சங்கத்தின் மலரில் போடப்போகிறார்கள். அப்பா எழுத்துக்கூட்டியாவது மலரைக் கடைசிப் பக்கம் வரை படிப்பார். அச்சாகி வரும் முன்னால் அவர் என் வாயால் கேட்க வேண்டும்.

நாளைக் காலை பட்டறைக்குப் போய்ப் போட்டோவை அவர் கையில் கொடுப்பேன். போனில் பேசிய அதே குரலில் சொல்வேன். அந்தத் தடி இன்னும் கதவோரத்தில்தான் சாய்ந்திருக்கிறது. அவர் அதை எடுத்தாலும் நான் ஓட மாட்டேன். உன்மேல் சத்தியம் அக்கா.

உன் கூடப் பிறந்த குள்ளி,
செல்வி