சிவப்புப் பொட்டு வைத்த பிக்அப்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் நலமாக இருப்பீர்கள் என்று நானே முடிவு செய்துகொண்டேன். கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்றால் பத்தொன்பது நாளாக உன் போனை நான் எடுக்கவில்லையே. அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை. எனக்கு ஒரு குறையும் இல்லை என்று எழுதப் போனேன், அந்த வரியில் பேனா நின்றுவிட்டது, அதைப் பிறகு சொல்கிறேன். காலையிலிருந்து ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. மடித்த துணியையே பிரித்து மறுபடி மடித்தேன். இந்தக் கடிதத்தை சாப்பாட்டு மேசையில் நின்றுகொண்டே எழுதுகிறேன். போனில் சொல்லலாம்தான், நீ குறுக்கே பேசுவாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. நாளை மறுநாள் சனிக்கிழமை. ஓட்டல் வரவேற்பறை மேடையில் நான் கிட்டார் வாசிக்கும் நாற்காலி இனிமேல் உண்டா இல்லையா என்பது அன்றைக்குத் தெரிந்துவிடும்.

முதலில் உன் மேல் உள்ள கோபம். நான் வாசித்து அனுப்பிய பதிவைக் கேட்டுவிட்டு நீ என்ன சொன்னாய்? "அம்மா, ரொம்பக் கீச்சுன்னு இருக்கும்மா, பல்லு கூசுது, டிரெபிளைக் கொஞ்சம் குறையேன்" என்றாய். மேல் சத்தத்தைக் குறைக்க எனக்கே சொல்கிறாய். ஸ்டுடியோவில் ஊரார் பாட்டுக்கெல்லாம் சத்தம் சரிசெய்து கொடுக்கிறாய், சரி. விரல் எட்டவில்லை என்று நீ அழுதபோது கிட்டார் கழுத்தில் கேப்போ கவ்வியை மாட்டிக் கொடுத்து உன்னை வாசிக்க வைத்தது யார்? எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. தட்டச்சு வேலை பார்த்த அலுவலகத்தில் மதிய இடைவேளையில் மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்து, அட்டையில் ஆறு கோடு போட்டு, புள்ளி வைத்து, விரலைப் பழக்கினேன். கிட்டார் கையில் வந்தது அதற்கு எட்டு மாதம் கழித்து. அப்படி வந்தவளிடம் வந்து டிரெபிளைக் குறை என்றால் போனை வைக்காமல் கொஞ்சவா செய்வேன்?

நீ அனுப்பிய டப்பாவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஆறு மாதமாக நெஞ்சில் இருக்கிறது. அதற்குள் கிட்டார் சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப் நூறு இருக்கிறதாம். ஒரே ஆள் நூறு சட்டை மாற்றினால் நூறு பேர் ஆகிவிடுவானா? உன் நண்பர்கள் காலடியில் சத்தத்தை மாற்ற வரிசையாகப் பெடல் வைத்திருக்கிறார்களே, கையில் இல்லாததைக் காலால் மிதித்து வரவழைக்க முடியாது என்று அவர்களிடம் சொல். எனக்கு எலெக்ட்ரிக் கிட்டாரே ஆகாது என்று நீ எல்லாரிடமும் சொல்கிறாய், அது பொய். ஆறு வருஷம் எலெக்ட்ரிக் வாசித்தவள் நான். கம்பி மெலிது, விரல் நோகாது, தொட்டதும் பாடும். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. கேள்வியை முடிப்பதற்குள் பதில் சொல்கிற ஆளோடு எத்தனை நேரம் பேச முடியும்? வெறும் மரப்பெட்டியான அக்கூஸ்டிக் அப்படி இல்லை. அழுத்திக் கேட்டால்தான் வாயைத் திறக்கும், திறந்தால் மார்பெலும்பு வரை வந்து பேசும். கம்பி விஷயத்திலும் என் கட்சி உனக்குத் தெரியும். புதுக் கம்பி புதுச் செருப்பு மாதிரி, முதல் நாள் தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தும், நான்காம் நாள்தான் காலுக்குப் படியும். நான்காம் நாளுக்கு முன் மேடையில் புதுக் கம்பியோடு ஏறியதே இல்லை நான்.

அப்படிப்பட்டவள் இந்த நாலு மாதமாக வாரம் ஒரு செட் கம்பி மாற்றுகிறேன். மாட்டிய அன்றைக்கே அது செத்த கம்பி மாதிரி, போர்வைக்குள்ளிருந்து பேசுவது மாதிரி கேட்கிறது. கேபிளை மாற்றினேன். ஆம்ப்பின் முதுகைக் கழற்றித் துடைத்தேன். டிரெபிள் திருகை ஆறு, ஏழு என்று ஏற்றி, பத்துக்கு மேல் எண் இல்லாததால் அங்கே நின்றேன். போன சனிக்கிழமை வாசித்து முடித்ததும் கீபோர்டுக்காரத் தம்பி, அவன்தானே குழுவை நடத்துகிறான், என்னைத் தூணுக்குப் பின்னால் கூப்பிட்டு, "அக்கா, முன் மேசைக்காரங்க காப்பியைத் தூக்கிட்டுப் பின்னாடி போறாங்க. அடுத்த வாரம் உங்க டிரெபிளை என் கையில குடுங்க, இல்லேன்னா கிட்டாரை நான் டிராக்குல போட்டுக்கறேன்" என்றான். டிராக் என்றால் முன்பே பதிவு செய்து வைத்த கிட்டார், பொத்தானை அழுத்தினால் ஓடும். "டிராக்குக்கு நாற்காலி போடுவியா, அதுக்கும் டீ வாங்கிக் குடுப்பியா?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன். வாய் மட்டும் எனக்கு எப்போதும் சுருதியில்தான் இருக்கும்.

வீட்டுக்கு வரும் வழியில் யோசித்தேன். எல்லாவற்றையும் மாற்றியாயிற்று, மாற்றாதது கிட்டார் ஒன்றுதான். அதைக் கடைசியாகத் தொட்டது யார்? நம் மர டாக்டர். அவன் பெயர் எனக்கே மறந்துவிட்டது, கிட்டார் ரிப்பேர் கடைக்காரனை நீ சின்ன வயசில் வைத்த பெயரில்தான் எல்லாரும் கூப்பிடுகிறோம். போன வருஷக் கடைசியில் கம்பி உட்காரும் எலும்புத் துண்டைத் தேய்த்துக் கொடுத்தான். அந்த எலும்புக்கு அடியில்தானே கம்பியின் அதிர்வைப் பிடித்து ஆம்ப்புக்கு அனுப்பும் பிக்அப் இருக்கிறது. நல்ல பிக்அப்பை உருவிக்கொண்டு மட்டமான ஒன்றைச் செருகிவிட்டான் என்று முடிவு கட்டினேன். திங்கட்கிழமை கடை திறந்ததும் போய் நின்றேன். கிட்டாரைத் தோளில் மாட்டும் வார்ப்பட்டை பார்த்துக்கொண்டு இரண்டு பேர் இருந்தார்கள், அவர்களுக்கும் கேட்கட்டும் என்றே, "என் பிக்அப் எங்கடா?" என்றேன். அவன் பசைக் கையைத் துடைத்துக்கொண்டே, "அக்கா, பதினஞ்சு வருஷமா உங்க கிட்டாரைத் தொடறேன், என்னையா திருடன்னு சொல்றீங்க?" என்றான். திருடன் என்று சொல்லவில்லை, மாற்றிவிட்டாய் என்றுதான் சொல்கிறேன் என்றேன். "ரெண்டுக்கும் நடுவுல எத்தனை ஃப்ரெட்டுக்கா?" என்று, கழுத்தில் விரல் வைக்கிற கட்டத்தை எண்ணுவதுபோல் கேட்டுவிட்டு, ஆறு கம்பியையும் தளர்த்தினான், எலும்பை எடுத்தான், அடியிலிருந்த பட்டையைச் சின்ன இடுக்கியால் தூக்கி வெள்ளைத் துணியில் வைத்தான். அதன் ஓரத்தில் சிவப்புப் பொட்டு. பதினோரு வருஷத்துக்கு முன் அதை நானே மாட்டினபோது, எவனாவது மாற்றினால் கண்டுபிடிக்க வேண்டும் என்று என் நகச்சாயத்தால் நானே வைத்த பொட்டு. அவன் மாற்றவில்லை என்று எனக்குக் காட்டத்தான் அது உதவியது.

அதோடு விட்டிருந்தால் கூடப் பரவாயில்லை. கம்பிகளைத் திரும்ப ஏற்றிவிட்டு, கழுத்துக்கு மேலே முறுக்காணிக்கு அருகே கம்பி குட்டையாக இருக்குமே, அங்கே ஒன்றைச் சுண்டப் போவதுபோல் விரலை வைத்து, "கேக்குதாக்கா?" என்றான். "நீ இன்னும் தொடவே இல்லையே" என்றேன். வார்ப்பட்டை பார்த்துக்கொண்டிருந்த இருவரும் தரையைப் பார்த்தார்கள். அவன் குரலைத் தாழ்த்தி, "தொட்டுட்டேங்க்கா. மூணு தரம்" என்றான்.

இந்த வரிக்கும் போன வரிக்கும் நடுவில் வாசல் வரை நான்கு முறை போய் வந்துவிட்டேன். மறுநாள் காது டாக்டரிடம் போனேன், அப்பாதான் இழுத்துக்கொண்டு போனார். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். நான் அழுத்தாமல் சும்மா இருந்த நேரமெல்லாம் வெளியே சோதனை செய்த பெண் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், அதிலிருந்தே தெரிந்துவிட்டது. மேல் சத்தங்கள் போய்விட்டனவாம், வயசாம், மேடையில் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் உட்கார்ந்ததும் சேர்ந்ததாம், போனது திரும்பாதாம். காதுக்குக் கருவி வைக்கலாம் என்றார் டாக்டர், யோசிக்கிறேன் என்றேன். வீட்டுக்கு வந்ததும் உன் அப்பா மெதுவாக, "நாலு மாசமா ஃபிரிட்ஜ் கதவைத் திறந்து போட்டுட்டுப் போறே, அது பீப் பீப்னு கத்துது, நீ பாட்டுக்கு இருக்கே. என் மேல ஏதோ கோவம்னு நினைச்சு நானே மூடிக்கிட்டிருந்தேன்" என்றார். நாலு மாதம்! என்ன கோபம் என்று ஒரு நாள் கேட்கக் கூடாதா இந்த மனுஷர்?

நேற்று மதியம் கை சும்மா இருக்கவில்லை. உன் டப்பாவைப் பரணிலிருந்து இறக்கி, ஸ்பீக்கரில் சேர்த்தேன். அதன் திரையில் வந்த சத்தங்களின் பட்டியலில் முதலாவதாக ஆங்கில எழுத்தில் அம்மா என்று இருந்தது. டிரெபிள் நான்கு. எனக்கு நீ அனுப்புவதற்கு முந்தின வாரத் தேதி. அப்போது என் காதைப் பற்றி உனக்கு எப்படித் தெரியும், எனக்கே தெரியாதே. சின்ன வயசில் அடுத்த அறையில் படுத்துக்கொண்டு கேட்டதை ஞாபகத்திலிருந்து எடுத்து வைத்திருக்கிறாய். வாசித்தேன். எனக்குப் போர்வைக்குள் போர்வை. வைத்துவிடலாம் என்று நினைத்தபோது உன் அப்பா பின்கட்டிலிருந்து பாத்திரம் கழுவின ஈரக்கையோடு வந்து, "என்ன பண்ணே? இது பழைய நீதானே?" என்றார். முப்பது வருஷம் லாரி ஓட்டியவர், என் வாசிப்புக்கு 'நல்லாருக்கு' தவிர இன்னொரு வார்த்தை சொன்னதில்லை. நேற்று அதையும் சொல்லவில்லை. கையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட முழுப் பாட்டும் நின்று கேட்டார்.

அதனால் டப்பா நல்லது என்று ஆகிவிடாது. அது ஓட்டலுக்கு வராது, மறுபடி பரணில்தான் இருக்கிறது. என் ஆம்ப்பில் டிரெபிள் திருகை நான்கில் வைத்து, நகச்சாயத்தால் ஒரு பொட்டு வைத்தேன். கீபோர்டுக்காரனுக்குப் போன் செய்து, திருகு உன் கைக்கு வராது, பொட்டில் நிற்கும், நானும் தொட மாட்டேன், நீயும் தொடாதே என்றேன். "முன் மேசைக்காரங்க எழுந்திருக்கலேன்னா நாற்காலி உங்களுதுக்கா" என்றான். உன் அப்பா முன் மேசையில் உட்காரப் போகிறார், அவரை எழுப்ப முடியாது. ஆனால் எனக்குத்தான் பயமாக இருக்கிறது. இரண்டு மணி நேரம் எனக்குச் செத்த சத்தமாகக் கேட்கும், கை தானாகத் திருகைத் தேடிப் போகும். நாற்பத்தொரு வருஷமாக என் காதைத் தவிர யார் பேச்சையும் கேட்காத கை. மர டாக்டரிடம் மன்னிப்பு கேட்கவில்லை, கேட்க எனக்கு வராது. இன்று காலை போய்க் கம்பி மாற்றித் தரச் சொல்லிக் கிட்டாரை அவன் மேசையில் வைத்தேன். "ரெண்டு நாள்தான் இருக்கு, புதுசு வேண்டாங்க்கா, பழசே படிஞ்சிருக்கு" என்று திருப்பிக் கொடுத்தான்.

நீ நாள் முழுக்க ஹெட்போனோடு இருக்கிறாய். சத்தத்தைப் பாதிக்கு மேல் வைக்காதே, மணிக்கு ஒரு தரம் கழற்றி வைத்துவிட்டு நட. மருமகளுக்கு இருமல் என்று முன்பு சொன்னாயே, அது தானாகச் சரியாகும் என்று காத்திருக்காமல் டாக்டரிடம் காட்டு, காத்திருந்த குடும்பத்தின் கதையை மேலே எழுதியிருக்கிறேன். சனிக்கிழமை வாசிப்பதை உன் அப்பா போனில் பதிவு செய்து அனுப்புவார். கடிதத்துக்கு முன்னால் பதிவு வந்துவிடும், நீயும் அம்மாவுக்குக் கோபம் வருமே என்று நன்றாக இருக்கிறது என்று பதில் போட்டிருப்பாய். இதைப் படித்தபின் அதை இன்னொரு தரம் கேட்டுவிட்டு, அன்றைக்கே கூப்பிடு. எடுப்பேன். கத்திப் பேசாதே, பேச்சு எனக்கு நன்றாகவே கேட்கிறது. பல் கூசினால் கூசுகிறது என்றே சொல், போனை வைக்க மாட்டேன். நீங்கள் இருவரும் நோய் நொடி இல்லாமல், கையும் காதும் தெளிவாக, நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
இன்னும் அக்கூஸ்டிக் கட்சியிலேயே இருக்கும்
உன் அம்மா

மறந்துவிட்டேன்: பொட்டை நான்கில் வைத்தது சரிதானா, மூன்றரையா? எனக்குத் தெரியவில்லை. நீ சொல்.