உயிரோடிருந்தவனுக்குக் கொள்ளி வைத்த அண்ணனுக்கு

காலையில் என் வீட்டுக்காரி ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சந்தையிலிருந்து புதுக்குடம் ஒன்று வாங்கி வந்தாள். தண்ணீர் ஊற்றியதும் சுட்ட மண் நனைகிற வாசனை எழுந்தது. எல்லோருக்கும் பிடித்த வாசனைதான். எனக்கு ஆகாது. "அதக் கொல்லப்பக்கம் கொண்டுபோயி வையி" என்று கத்தினேன். அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். அவளுக்குத் தெரியும்.

உன்னோடு கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது, அண்ணே. நீ இருந்தவரை 'நீங்க' என்றுதான் கூப்பிட்டேன். இனி 'நீ'தான். செத்தவனும் செத்தவனும் பேசிக்கொள்வதில் என்ன மரியாதை வேண்டிக்கிடக்கிறது? உயிரோடு இருந்திருந்தால் பாதியிலேயே துண்டை உதறிக்கொண்டு எழுந்து போயிருப்பாய். இப்போது முழுவதையும் கேள்.

நான் செத்த கதையிலிருந்து ஆரம்பிக்கிறேன். வத்திராயிருப்புக்குப் பாரம் ஏற்றிப்போனவன், வழியில் பேதி கண்டு விழுந்தேன். உனக்கு ஆள் வந்து சொன்னது. நீ வரவில்லை. தொற்றிக்கொள்ளும் என்று பயந்தாய். முன்பின் தெரியாத உபதேசியார்தான் தூக்கிப்போய்ப் படுக்கவைத்து, பீ மூத்திரம் அள்ளி, கஞ்சி ஊற்றினார். பிழைத்து எழுந்து, அவரிடம் நாலு எழுத்தும் படித்து, ஞானஸ்நானம் வாங்கிக் கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்தேன். அது உனக்குப் பொறுக்கவில்லை.

ஒருநாள் பருத்திப் பொதியோடு நம் ஊர் ராஜபாளையத்துக்கு வண்டி ஓட்டி வருகிறேன். சுடுகாட்டில் நம் சனங்கள் கூடி நிற்கிறார்கள். அம்மாவுக்குத்தான் என்னவோ ஆகிவிட்டது என்று மாட்டை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். நீ மொட்டைத் தலையோடு, தோளில் புதுக்குடத்தோடு சுற்றி வந்துகொண்டிருந்தாய். தரையில் ஒரு வைக்கோல் பொம்மை. அதன்மேல் என் பச்சைக்கரை வேட்டி. "யாருக்குண்ணே?" என்று கேட்டேன். நான் நின்ற இடத்தில் காற்றுதான் நிற்கிறது என்பதுபோல என்னைத் தாண்டிப் போனாய். நாவிதர்தான் தலையைக் குனிந்துகொண்டு, "ஒங்களுக்குத்தான்யா" என்றார். குடம் உடைந்து தண்ணீர் என் காலில் தெறித்தது. பொம்மைக்குத் தீ வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் குளிக்கப் போனாய். என்னைத் தலைமுழுகிவிட்டதாக ஊரெல்லாம் சொன்னாய்.

அம்மா மட்டும் ஒப்பாரி வைக்க மாட்டேன் என்றாளாம். "எம் புள்ள குத்துக்கல்லாட்டம் இருக்கான், வண்டி ஓட்டிட்டுத் திரியுதான். நான் எதுக்குலே அழணும்?" என்று உன்னிடமே கேட்டாளாம். மதினிதான் எனக்குச் சொல்லி அனுப்பியது. அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டுதான் மூன்று வருசம் ஓட்டினேன்.

பிறகு அவளும் போய்ச் சேர்ந்தாள். எனக்கு யாரும் சொல்லி விடவில்லை. சந்தையில் காதில் விழுந்து, ஏழு கல் தூரமும் ஓடியே வந்தேன். தெருமுனையிலேயே என்னை மறித்தாய். "செத்தவனுக்கு எழவு வீட்டுல என்ன சோலி?"

"மொகத்த மட்டும் பாத்துட்டுப் போயிருதேன், அண்ணே. தொடக்கூட மாட்டேன்."

"போலே."

பெற்றவளைத் தொட மாட்டேன் என்று கெஞ்ச வைத்தாயே, பாவி! அவள் பாடை போகும்போது ரோட்டோரப் புளியமரத்தடியில் நின்று பார்த்தேன். முகம் தெரியவில்லை. அங்கே நின்றுதான் வாய்விட்டுச் சொன்னேன்: உனக்குக் கொள்ளி வைக்க ஒரு ஆள் இல்லாமல் போகட்டும்.

உபதேசியார் அடிக்கடி சொல்வார், நாம் இந்த உலகத்தில் வழிப்போக்கர்கள், நமக்கு ஊர் வேறே என்று. சபையில் எல்லோரும் தலையாட்டுவார்கள். அவர்களுக்கு அது பிரசங்கம், எனக்குப் பிழைப்பு. ராஜபாளையத்தில் எனக்குத் தண்ணீர் சேந்தித் தரக்கூட ஆள் கிடையாது. இங்கே சபையிலோ பரம்பரை வேதக்காரர்கள் என்னைப் 'புதுசாச் சேந்தவன்' என்று கடைசிப் பாயில் உட்காரவைத்தார்கள். பத்து வருசமாகப் புதுசு!

போன மாதம் மதினியின் தம்பி வந்து வாசலில் நின்றான். உட்காரவில்லை. நடந்து வந்த நாக்கு வறண்டிருந்தும் என் வீட்டுத் தண்ணீரைத் தொடவில்லை.

"மச்சான், ஒங்க அண்ணன் போயிட்டாக. புள்ளையும் இல்ல, வேற பங்காளியும் இல்ல. நீங்கதான் வந்து கொள்ளி வைக்கணும். ஊரு ஒத்துக்கிட்டாச்சு. குளிச்சுத் திருநீறு பூசி, வேதத்த விட்டுட்டேன்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும். பொறவு நீங்க எந்தக் கோயிலுக்குப் போனாலும் யாரும் கேக்க மாட்டாக."

எனக்குச் சிரிப்பு வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், சிரித்தேன்.

"செத்தவன் எங்கயாவது கொள்ளி வைப்பானா? அன்னைக்கு எரிச்சீகள்ல, அந்த வைக்கோல் சாம்பக்கிட்டப் போயிக் கேளு."

அவன் அழுதுகொண்டே போனான். நான் சும்மா இருக்கவில்லை. பாரம் ஒன்றும் இல்லாமலேயே வண்டியைப் பூட்டிக்கொண்டு வந்து, சுடுகாட்டுக்கு நேரே ரோட்டில் நிறுத்தினேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கடைசி நிமிசம்வரை இறங்கி வருவேன் என்று காத்திருந்தார்கள். நான் மாட்டுக்கு வைக்கோல் பிடுங்கிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெயில் ஏறிய பிறகு, வேறு வழியில்லாமல் மதினியின் தம்பியே வைத்தான். உன் புகை எழுந்ததும் வண்டியைத் திருப்பினேன். அந்த அவமானத்தில் மதினி இப்போது தெருவில் தலைகாட்டுவதில்லை என்கிறார்கள். அவள் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. அதை நினைத்தால் மட்டும் சோறு இறங்க மாட்டேன் என்கிறது.

இதற்கப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. நான் திருநீறு பூச மறுத்த செய்தி சபைக்கு வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை உபதேசியார் எல்லார் முன்னாலும் என் கையைப் பிடித்து, "சொந்த ரத்தமே வந்து கூப்பிட்டும் விசுவாசத்த விடாத ஆளு" என்றார். பெரிய குடும்பத்து ஆட்கள் நகர்ந்து முன்பாயில் இடம் கொடுத்தார்கள். நானும் போய் உட்கார்ந்தேன். அந்த நேரத்தில் விசுவாசம் எனக்கு நினைவிலேயே இல்லை என்பது உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். திருநீறும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், சும்மா வந்து வை என்று கூப்பிட்டிருந்தாலும் வந்திருக்க மாட்டேன்.

அன்றையிலிருந்து முன்பாயில்தான் முழங்கால் போடுகிறேன். எல்லோரும் சேர்ந்து சொல்கிற ஜெபத்தில், பிறரை மன்னிக்கிறோம் என்று சொல்கிற இடம் ஒன்று வரும். அங்கே வந்ததும் வாயை மூடிக்கொள்கிறேன். தாண்டிய பிறகு மறுபடி சேர்ந்துகொள்கிறேன். போன வாரம் பக்கத்தில் இருந்த என் வீட்டுக்காரி கண்டுபிடித்துவிட்டாள். "ஏன் அந்த எடத்துல மட்டும் நிறுத்திருதீக?" என்று வீட்டுக்கு வந்து கேட்டாள். இருமல் வந்தது என்றேன்.

இருமல் இல்லை. அதைச் சொல்லிவிட்டால் உன்னை விட்டுவிட வேண்டும். நீயும் போய்விட்டால் எனக்கென்று அந்த ஊரில் யார் இருக்கிறார்கள்? விட மாட்டேன், அண்ணே.