பதினொரு கிழிசலுக்குப் பட்டியல் கிடையாது

கொட்டாஞ்சேனை,
மே 12

அன்பு மகள் ஆரணிக்கு,

இங்கே நானும் அப்பாவும் சுகம். நீயும் சுகமாகத்தான் இருக்கிறாய் என்று நினைக்கிறேன். சுகமில்லாத பிள்ளைக்கு அம்மாவின் ஞாபகம் வரும், உனக்கு மூன்று கிழமையாக வரவில்லை. நான் அனுப்பும் வாட்ஸ்அப்புக்கெல்லாம் நீலக் குறி விழுகிறது, பதில் மட்டும் விழுவதில்லை. அதனால் தாளில் எழுதுகிறேன். அப்பா இதைப் படம் எடுத்து அனுப்புவார், தாள் பின்னால் தபாலில் வரும். மெல்பேர்ணில் குளிர் தொடங்கியிருக்கும், காதை மூடிக்கொண்டு வெளியே போ. நீ கேட்ட பட்டியலுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உன் துணியில் நான் எந்தெந்த இடத்தில் கிழிசல் தைத்தேன் என்று குறித்து அனுப்பச் சொன்னாய், ஜூன் ஆறாம் திகதி கண்காட்சி திறப்பதற்குள் என் தையலையெல்லாம் பிரித்துவிட வேண்டும் என்றாய். பட்டியல் தர மாட்டேன். ஏன் என்று ஃபோனில் சொல்ல நீ விடவில்லை, இப்போது வாசி.

போன வருடம் சித்திரைப் புத்தாண்டுக்கு வந்தவள் நம் மூன்றாம் மாடி பல்கனியில் நாலு யார் நீள வெள்ளைப் பருத்தித் துணியைக் கட்டிவிட்டு, ஒரு வருடம் யாரும் இதைத் தொடக் கூடாது, இதில் வரையப்போவது நான் இல்லை, காலம் என்றாய். வெயிலும் மழையும் துறைமுகத்து லொறிப் புகையும் காகமும் சேர்ந்து வரையுமாம். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னேன், நீ கேட்கவில்லை. தைக்கத் தந்த கல்யாணப் பிளவுசை நான் ஒரு வருடம் வைத்திருந்தால், காலம் தைக்கிறது பொறுங்கள் என்று யாரும் இருக்க மாட்டார்கள், வாசலில் வந்து நின்று கத்துவார்கள். உனக்கு அதே வேலைக்கு விமான டிக்கெட் கொடுக்கிறார்கள், நல்லது. ஆனால் இந்த ஊரில் வெள்ளைத் துணி தொங்கினால் என்ன அர்த்தம் என்பது உனக்கு மறந்துவிட்டது. நீ போன மூன்றாம் நாளே கீழ்மாடி ரமணி சீனியும் பிஸ்கட்டும் எடுத்துக்கொண்டு அழுத முகத்தோடு படியேறி வந்தாள். வாட்ச்மேன் சிங்களத்தில் கவுத மலே, யார் செத்தது என்று அப்பாவிடமே கேட்க, அப்பா நெஞ்சில் கை வைத்து மம தமய், நான்தான் என்று சொல்லிவிட்டார். இரண்டு நாள் அந்த மனுஷன் அப்பாவைக் கண்டால் ஒதுங்கிப் போனான். இது சாவு இல்லை, கலை என்று ரமணிக்கு விளக்கினேன். கலையா அக்கா, அப்ப அந்த சீனிய இங்க தாங்க என்று வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டாள். பிஸ்கட்டை விட்டுப் போனாள்.

வைகாசிக் காற்றில் முதல் கிழிசல் வந்தது, பல்கனிக் கம்பியில் மாட்டி மூன்று விரல் நீளத்துக்கு. ஒரு நாள் பார்த்தேன், மறுநாளும் பார்த்தேன், மூன்றாம் நாள் ஊசியை எடுத்துவிட்டேன். துணியை நான் தொடவில்லை, ஊசிதான் தொட்டது என்று சொல்லலாம், நீ சிரிக்க மாட்டாய். ஐந்தாம் வகுப்போடு தேயிலைத் தோட்டத்தை விட்டுக் கொழும்புக்கு வீட்டு வேலைக்கு வந்தவள் நான். வீட்டுக்கார நோனா கோயிலுக்குப் போய் வருவதற்குள் அவருடைய பிளவுசைப் பிரித்துப் பார்த்து, அவர் வருவதற்குள் திரும்பத் தைத்து வைத்துத் தொழில் படித்தேன். எனக்குக் கற்றுத் தந்தவர் யாரும் இல்லை. கிழிந்த துணி கண்ணெதிரே ஆடினால் எனக்குத் தேத்தண்ணீர் இறங்காது, இதை எந்தப் பல்கலைக்கழகமும் மாற்ற முடியாது. சும்மா ஒட்டுப் போடவில்லை. குறுக்கும் நெடுக்குமாக இழையோட்டி நெய்வது போல் அடைத்தேன். துணி மாதா மாதம் நிறம் மாறியது, அதனால் ஒவ்வொரு கிழிசலுக்கும் புறக்கோட்டைக்குப் பஸ் ஏறி, துணியின் படத்தைக் காட்டி, ஷிப்லியின் கடையில் நூல் பொருத்தினேன். அவன், என்ன ஆன்ட்டி, போன மாசம் வெள்ளை, இந்த மாசம் சந்தனம், அடுத்த மாசம் பிளேன்டி கலரா என்று கேட்டான். அடுத்த மாதம் அவன் சொன்ன அந்தப் பால் விடாத தேத்தண்ணீர் நிறம்தான் வாங்கினேன். நீ ஞாயிறு தோறும் படம் கேட்டாய், அப்பா எடுத்து அனுப்பினார். துணி எவ்வளவு உறுதியாகத் தாங்குது பாருங்கம்மா என்று நீ வியந்தபோது நான் ஒன்றும் சொல்லாதது உண்மை. அது மட்டும் என் பிழை, ஒத்துக்கொள்கிறேன்.

துணி உன்னிடம் வந்ததும் ஒரு நூல் முனை கையில் தட்டுப்பட, ஃபோன் எடுத்து எத்தனை இடம் என்று கேட்டாய். பதினொன்று என்றேன். ஒன்று என்று சொல்லித் தப்பியிருக்கலாம். என் ஒரு வருசத்த நாசமாக்கிட்டீங்கம்மா, உங்க கைய யாரும் கேக்கல என்று ஃபோனை வைத்துவிட்டாய். அதன் பிறகு பூதக்கண்ணாடியோடு இரண்டு நாள் தேடி மூன்றைத்தான் கண்டுபிடித்தாய் என்று அப்பாவுக்கு மட்டும் எழுதியிருக்கிறாய். அவர் அதை எனக்கு வாசித்துக் காட்டினார். கேட்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது, மறைக்கப்போவதில்லை. உன் ஒரு வருடம் என்கிறாய், நீ இங்கே இருந்தது ஒன்பது நாள். மிச்ச நாளெல்லாம் அந்தத் துணியோடு இருந்தவள் நான், எனக்கும் அந்த வருடம் ஓடத்தான் செய்தது. கண்காட்சியில் துணிக்குப் பக்கத்தில் ஒட்டும் சீட்டில் பருத்தி, வெயில், மழை, புகை, காலம் என்று எழுதியிருப்பதாக அப்பா சொன்னார். பொய்க் கணக்கு. பிளவுசுக்கு லைனிங் போட்டால் நான் பில்லில் லைனிங் என்று எழுதுவேன். நீயும் நூல் என்று ஒரு சொல் சேர். என் பெயர் வேண்டாம், நூல் போதும். சேர்த்துவிட்டுப் படம் அனுப்பு, பதினொரு இடத்தையும் அன்றைக்கே சொல்கிறேன், பிறகு பிரிப்பதும் வைப்பதும் உன் இஷ்டம். பிரிப்பதானால் கத்தரிக்கோல் வைக்காதே, பின்பக்கமிருந்து ஊசி முனையால் ஒவ்வொரு இழையாக எடு, பிளவுஸ் பிரிக்கிற மாதிரி இழுத்தால் துணி கையோடு வந்துவிடும்.

கடைசியாக ஒன்று. கீழ் ஓரத்தில் தைக்காத கிழிசல் ஒன்று இருக்கிறதாம், அது ஒன்றுதான் உண்மையானது, அதையாவது அம்மா காலத்துக்கு விட்டுவைத்தாரே என்று அப்பாவுக்கு எழுதியிருக்கிறாய். அதன் மேல் தனி விளக்குப் போடப்போகிறாயாம். நான் விட்டுவைக்கவில்லை. அது மாசி மாதத்தில் கிழிந்தது. மூன்று நாள் முயன்றேன், ஊசிக்குள் நூல் போகவில்லை. ரமணியைக் கேட்டால் கோத்துத் தந்திருப்பாள், கேட்கவில்லை. இரண்டு கண்ணிலும் வெள்ளை படர்ந்திருக்கிறது என்று டாக்டர் சொன்னார். ஆடியில் வேண்டாம், ஆவணியில் ஆபரேஷன் செய்யலாம் என்று நான்தான் தள்ளி வைத்தேன். அப்பாவுக்குத் தெரியும், உனக்குச் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தேன். பயப்பட ஒன்றுமில்லை, டிக்கெட் போடாதே, எழுத்தைப் பெரிதாக எழுதினால் எனக்குத் தெரிகிறது, இந்தக் கடிதம் ஏழு தாள் வந்ததும் அதனால்தான்.

முத்துமாரியம்மன் உன் கூடவே இருக்கட்டும், கண்காட்சிக்குச் சனம் நிறைய வரட்டும். நேரத்துக்குச் சாப்பிடு. விளக்கைப் போட்டு எல்லோருக்கும் நன்றாகக் காட்டு. முடிந்ததும் துணியை இங்கே அனுப்பிவிடு, ஆவணிக்குப் பிறகு அந்தப் பன்னிரண்டாவதையும் தைக்க வேண்டும்.

இப்படிக்கு,
கோபம் ஆறாத உன் அம்மா
லோ. பழனியம்மா