டச்சுக்காரன் காலத்திலிருந்து என்று யார் சொன்னது, நைனா?

என் நைனாவுக்கு,

வலை மூலையில் சுருட்டிக் கிடக்கும் நம் வீட்டிலிருந்து எழுதுகிறேன். நீ இருந்தவரை உனக்கு ஒரு வரிகூட எழுதியதில்லை. எழுத வேண்டிய அவசியம் என்ன இருந்தது? நீ ஏரியிலிருந்து வந்து இறங்கும்போதே கரையில் நின்று கத்திச் சொல்லிவிடுவேன். இப்போது எழுதுவதற்குப் பாசம் மட்டும் காரணம் இல்லை. உன்னிடம் ஒரு கேள்வி இருக்கிறது. ஊரில் பலரையும் கேட்டுவிட்டேன். எல்லோரும் கடைசியில் உன் பக்கம்தான் கையைக் காட்டுகிறார்கள்.

முதலில் வீட்டுச் செய்தி. தங்கச்சி உன்னைவிட அதிகமாகக் குறட்டை விடுகிறாள். அம்மா சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், உன் சட்டை ஒன்றை மட்டும் இன்னும் துவைக்க மாட்டேன் என்கிறாள். உன் படகைக் கரையில் கவிழ்த்துப் போட்டிருந்தோம். ஆரம்பாக்கத்திலிருந்து ஒருவர் அதை வாங்குவதற்காக வந்து, தட்டிப் பார்த்து, குனிந்து பார்த்து, நொட்டை சொல்லிவிட்டுப் போனார். விலையைக் குறைக்கத்தான். உன் படகைப் பற்றி அவர் சொன்னதைக் கேட்டிருந்தால் நீ அவரை ஏரியில் தள்ளியிருப்பாய்.

நான் கல்லூரியில் சேர்ந்துவிட்டேன். பொன்னேரி பக்கம், மீன் கூடைகளோடு சேர்ந்து ஏறும் காலை பஸ். அங்கே வாரம் ஒரு வகுப்பு இருக்கிறது, சிந்தித்து எழுதப் பழகும் வகுப்பு. நீ சிரிப்பாய், தெரியும். இதுக்குக் கூடவா வகுப்பு வைக்கிறாங்க என்று கேட்பாய். மீன் வாங்குகிறவர்கள் செவுளைத் தூக்கிப் பார்ப்பார்கள் அல்லவா, அதுபோல ஒவ்வொரு வாக்கியத்தையும் தூக்கிப் பார்க்கச் சொல்கிறார் மேடம். வாரம் ஒரு வேலை கொடுப்பார். நாங்கள் எழுதிக்கொண்டு போக வேண்டும்.

முதல் வாரம் கொடுத்த வேலை இது: உங்கள் வீட்டில் யாரும் சந்தேகப்படாத ஒரு வாக்கியத்தைக் கொண்டு வாருங்கள். ஒருவன் வெள்ளிக்கிழமை நகம் வெட்டக் கூடாது என்று கொண்டு வந்தான். அனுப்பம்பட்டிலிருந்து வரும் ஸ்டெல்லா, கடைசிப் பெட்டியில் ஏறினால் ரயிலில் உட்கார இடம் கிடைக்கும் என்று எழுதியிருந்தாள். அதை ஒரு வாரம் ஏறிப் பார்த்துவிட்டுச் சொல் என்றார் மேடம். நின்றுகொண்டே வந்தாள், பாவம்.

நான் எழுதியது, அந்த வாரம்தான் நம் வீட்டில் இடியாக விழுந்த வாக்கியம். "டச்சுக்காரன் காலத்துலேருந்து பொம்பளைக்குப் பாடு கிடையாது."

பாடு என்றால் என்ன என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இந்தக் கடிதத்தை வகுப்பிலும் படிக்கப் போகிறேன், அதனால் சொல்லிவிடுகிறேன். முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் இறால் நன்றாக விழும் இடங்கள் கொஞ்சம்தான். எல்லோரும் ஒரே நாளில் அங்கே வலை கட்ட முடியாது. அதனால் குப்பத்தில் வீட்டுக்கு ஒரு முறை. யாருக்கு முதலில், யாருக்குப் பிறகு என்பதை அம்மன் கோயில் முன்னால் சீட்டுப் போட்டு எடுப்பார்கள். அந்த முறைக்குப் பேர்தான் பாடு. ஆண் பிள்ளை இல்லாத வீட்டில் புருஷன் போய்விட்டால் சீட்டில் அந்த வீட்டின் பேரும் போய்விடும்.

அம்மா ஊர்ப் பெரியவர் கோதண்டம் பெரியப்பாவிடம் போய்க் கேட்டாள். நானும் கூட இருந்தேன். "எங்க அண்ணன் வந்து வலை கட்டும். பேரு மட்டும் எங்க வூட்டு பேரா இருக்கட்டும்" என்றாள். அவர் கோபப்படவில்லை. உண்மையிலேயே வருத்தப்பட்டார். "இன்னாம்மா பண்றது? டச்சுக்காரன் காலத்துலேருந்து பொம்பளைக்குப் பாடு கிடையாதே. நான் வச்ச சட்டமா இது?" என்றார். திரும்பி வரும் வழியிலேயே அம்மா படகை விற்பது பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாள். பாடு இல்லாத வீட்டுக்குப் படகு எதற்கு, நைனா?

இரண்டாவது வாரம், அந்த வாக்கியம் உங்களுக்கு எப்படி வந்தது என்று தேடச் சொன்னார்கள். யார் சொன்னது, அவருக்கு யார் சொன்னது, அதற்கு முன்னால் யார். போக முடிகிற வரைக்கும் போக வேண்டும். "சண்டை போடாமல் கேளுங்கள்" என்று மேடம் சேர்த்துக்கொண்டார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

கோதண்டம் பெரியப்பாவிடமே ஆரம்பித்தேன். "கோட்டையில கல்லுல செதுக்கி வச்சிருக்கான்மா" என்றார். பார்த்தீர்களா என்றால், பார்க்கவில்லை, செல்வம் சித்தப்பா பார்த்திருப்பார் என்றார். நானும் ஸ்டெல்லாவும் பழவேற்காட்டில் கோட்டை இருந்த இடத்துக்குப் போனோம். முள் கீறியதுதான் மிச்சம். உள்ளே ஓர் ஆடு நின்று எங்களைச் சந்தேகமாகப் பார்த்தது.

அங்கிருந்து டச்சுக்காரர்களின் கல்லறைக்குப் போனோம். வாசலில் நிற்கும் அந்த இரண்டு எலும்புக்கூட்டுச் சிலைகளைக் காட்டித்தானே சின்ன வயதில் என்னைச் சாப்பிட வைப்பாய்? உள்ளே பெரிய பெரிய கல், கல் நிறைய எழுத்து. பூக்களும் கேடயங்களும் அவ்வளவு நுணுக்கமாகச் செதுக்கியிருக்கிறார்கள். ஸ்டெல்லா போனில் ஒவ்வொன்றாகப் படம் எடுத்து மொழிபெயர்த்துப் பார்த்தாள். இங்கே இவர் உறங்குகிறார், அங்கே அவர் உறங்குகிறார், இவர் மனைவி, இவர் குழந்தை. காவலுக்கு இருந்தவர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னா தேடிக்கினு கீறீங்க?" என்று கேட்டார். சொன்னோம். "எல்லாம் செத்தவங்க பேருதாம்மா. வலையப் பத்தி ஒண்ணும் இல்ல" என்றார்.

அங்கே ரொம்ப நேரம் நின்றேன். துணி வாங்கவும் விற்கவும் கடல் தாண்டி வந்தவர்கள். இந்த வெயிலில் அவர்கள் எப்படி இருந்தார்கள், நம் ஊர் இறாலைச் சாப்பிட்டார்களா, நம் ஆட்களோடு எந்த பாஷையில் பேரம் பேசினார்கள்? எனக்கு எல்லாமே தெரிந்துகொள்ள வேண்டும் போல இருந்தது. ஆனால் ஒன்று மட்டும் உறுத்தியது. நம் குப்பத்தில் எந்த வீடு எந்த நாளில் வலை கட்ட வேண்டும் என்று யோசிக்க அவர்களுக்கு என்ன தலையெழுத்து?

அடுத்து செல்வம் சித்தப்பா. உன்னோடு படகில் வந்தவர், உன் பேரை எடுத்தாலே கண் கலங்குகிறவர். கல்லா, நான் எங்கே பார்த்தேன் என்றார். இன்ஜின் ரிப்பேர் பார்க்கும் தேசிங்கு அண்ணன் சொல்லிக் கேட்டாராம். தேசிங்கு அண்ணன் இன்ஜினுக்குள் கையை விட்டுக்கொண்டே சொன்னார். "நான் பஞ்சாயத்துல கேட்டதும்மா. முனியம்மாக்கா பாடு கேட்டாங்க பாரு, அன்னிக்கி."

"யாரு சொன்னது?"

கையை வெளியே எடுத்துத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "உங்க நைனாதாம்மா" என்றார்.

எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. நாலு வீடு சுற்றி, முள்ளில் மாட்டி, எலும்புக்கூடு வரைக்கும் போய்விட்டு வந்தால், தேடிய ஆள் நம் வீட்டுச் சுவரில் மாலை போட்டுச் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

முனியம்மா அத்தையைக் காலை பஸ்ஸில் பிடித்தேன். அவள் புருஷன் கடலில் போனபோது நான் சின்னப் பெண், எனக்கு அழுகைச் சத்தம் மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது. அவளுக்கும் ஆண் பிள்ளை இல்லை. அன்றிலிருந்து கூடை தூக்கித்தான் பிழைக்கிறாள். நைனாவா அப்படிச் சொன்னது என்று கேட்டேன். கூடையைக் காலுக்கிடையில் இழுத்து வைத்துக்கொண்டு சொன்னாள்.

"ஆமா. உங்க நைனா நல்லா பேசுவாரு. அதுவரைக்கும் குடுக்கலாம், வாணாம்னு ஆளுக்கு ஒண்ணு சொல்லிக்கினு இருந்தாங்க. டச்சுக்காரன்னு அவரு சொன்னதும் எல்லாரும் வாய மூடிக்கினாங்க. நம்ம ஊரு அவ்ளோ பழசானு எனக்கே ஒரு மாதிரி பெருமையா இருந்துச்சுன்னா பாரேன்."

"அம்மாகிட்ட ஏன் அத்தை சொல்லவே இல்ல?"

"சொல்லி? பாடு வந்த நாளெல்லாம் உங்க நைனா ரெண்டு கை இறாலு என் கூடையில போட்டுட்டுப் போவாரு. ஒரு வார்த்தை பேச மாட்டாரு. நான் இன்னான்னு சொல்றது?"

அந்த ரெண்டு கை இறால்தான் என்னைத் தூங்கவிடவில்லை, நைனா. தெரிந்தே சொன்னாயா? யாரோ உன்னிடம் சொல்லி, நீ நம்பி, அப்படியே சொன்னாயா? பேச்சு வேகத்தில் வாயில் வந்துவிட்டு, பிறகு திரும்பப் பெற முடியாமல் போனதா? எல்லாம் சரி என்று நினைத்திருந்தால் அந்தக் கூடையில் ஏன் போட்டாய்?

வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். பஞ்சாயத்தில் இதைச் சொன்னால் போதும், அந்தச் சட்டத்துக்குக் காலே இல்லை, நமக்குப் பாடு கிடைக்கும் என்றேன். நான் நினைத்தது போல அவள் சந்தோஷப்படவில்லை. முகம் கறுத்துவிட்டது. "படகு போனா போவுது. செத்த மன்சன ஊர் நடுவுல நிக்க வச்சுப் பொய்யன்னு சொல்லுவியா நீ? வாணாம்" என்றாள். சீட்டுப் போடும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. ஆரம்பாக்கத்துக்காரர் போன் மேல் போன் போட்டுக்கொண்டிருந்தார்.

மூன்றாவது வாரத்து வேலை நான் கேட்காமலே எனக்காக வந்தது போல இருந்தது. நீங்கள் ஒப்புக்கொள்ளாத ஒருவரின் பக்கத்தை எழுத வேண்டும். அவரே படித்தால், ஆமாம், இதைத்தான் நான் நினைத்தேன் என்று தலையாட்ட வேண்டும். நான் உன் பக்கத்தை எழுதினேன். அது எனக்கு இவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை.

விசாரித்து விசாரித்து எழுதினேன். அந்த வருஷம் முகத்துவாரம் மணல் தூர்ந்து மூடிக் கிடந்ததாம். ஏரியில் தண்ணீர் வற்றி, இறால் இல்லாமல், பாடு வந்தவர்களே வெறும் வலையோடு திரும்பினார்களாம். எனக்கும் தங்கச்சிக்கும் காய்ச்சலாம். ஒரு பேர் கூடினால் நம் முறை இன்னும் தள்ளிப்போகும். எதிரே நிற்பவள் வாழ்விழந்தவள், அவள் முகத்தைப் பார்த்து வேண்டாம் என்று சொல்ல உனக்கு நாக்கு எழவில்லை. அதனால் சொல்கிற வேலையை டச்சுக்காரன் தலையில் கட்டினாய். அவன் மறுத்துப் பேச வரப் போவதில்லை. இப்படி எழுதினேன். நீ தலையாட்டுவாயா?

அதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். இறால் உரித்துக்கொண்டே கேட்டாள். முடித்ததும், "இன்னொரு வாட்டி படி" என்றாள். படித்தேன். "அவருதான் இது. அப்டியே அவருதான்" என்றாள். பிறகு உரித்த இறாலை ஒரு தூக்கில் எடுத்துக்கொண்டு முனியம்மா அத்தை வீட்டுக்குப் போனாள். என்ன பேசினார்கள் என்று இன்றுவரை எனக்குச் சொல்லவில்லை.

சீட்டுப் போடும் நாளில் இரண்டு பேரும் சேர்ந்து கோயிலுக்கு வந்தார்கள். பெண்கள் அந்தக் கூட்டத்தில் பேசி நான் பார்த்ததில்லை. அம்மா கூட்டத்தின் நடுவில் போய் நின்றாள். "அந்த வார்த்தை டச்சுக்காரன் சொன்னது இல்ல. எம் புருஷன் சொன்னது. இதே எடத்துல, முனியம்மா கேட்டப்போ" என்றாள். கோதண்டம் பெரியப்பா மெதுவாகக் கேட்டார். "இன்னாம்மா, வூட்டுக்காரரு பேர நீயே இப்டி..."

"அவரு நல்ல மன்சன். அன்னிக்கி சொன்னது தப்பு. ரெண்டும்தான் அவரு. மொதல்ல முனியம்மா பேரப் போடுங்க. அவ பேரு போடாம எம் பேரு வாணாம்."

செல்வம் சித்தப்பா அழுதார். தேசிங்கு அண்ணன், "நானும் அன்னிக்கி இருந்தேன், அவரு சொன்னதுதான்" என்றார். கொஞ்சம் சத்தம், கொஞ்சம் முணுமுணுப்பு, பக்கத்துக் கோட்டைக்குப்பத்துக்காரன் சிரிப்பானே என்று ஒருவர் கவலை. கடைசியில் இரண்டு பெயர்களும் சீட்டில் சேர்ந்தன. முனியம்மா அத்தையின் முறை முன்வரிசையிலேயே விழுந்தது, நமக்கு வால் பக்கம். அம்மா வீடு வரும் வரைக்கும் சீட்டு எடுத்த பையனைத் திட்டிக்கொண்டே வந்தாள். அன்றைக்கே ஆரம்பாக்கத்துக்காரருக்குப் போன் போட்டு, படகு விற்பதற்கு இல்லை என்று சொல்லிவிட்டாள். மாமா அதற்குத் தார் பூசிக்கொண்டிருக்கிறார்.

இதோடு முடித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் நேற்று டீக்கடையில் செல்வம் சித்தப்பா வெளியூர்க்காரர் ஒருவரிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். "எங்க குப்பத்துல பொம்பளைங்களுக்கும் பாடு உண்டு சார். டச்சுக்காரன் காலத்துலேருந்தே உண்டு. நடுவுலதான் உட்டுட்டாங்க."

நான் டீயை வைத்துவிட்டேன். இந்தத் தடவை அது நம் பக்கம் பேசுகிற வார்த்தை, நைனா. விட்டுவிட்டால் அம்மாவின் பாடு உரிமைக்கு ஒரு கோட்டைச் சுவரே கிடைக்கும். நாளைக்கு யாரும் அதைப் பிடுங்க முடியாது. நீ அன்றைக்கு எப்படிச் சொல்லியிருப்பாய் என்று அந்த நிமிஷத்தில் எனக்குப் புரிந்தது. எவ்வளவு சுலபம். வாயைத் திறக்கக்கூட வேண்டாம், சும்மா உட்கார்ந்திருந்தால் போதும்.

ஆனாலும் எழுந்து போய், "யாரு சித்தப்பா சொன்னது?" என்று கேட்டேன். "ஊர்ல எல்லாரும் சொல்றாங்கம்மா" என்றார். "டச்சுக்காரன் இல்ல சித்தப்பா. எங்க அம்மா கேட்டாங்க, ஊரு குடுத்துச்சு. போன மாசம்" என்றேன்.

கடைசி வாரத்துக் கட்டுரையில், எங்கிருந்து தெரிந்தது என்று எழுத வேண்டிய இடத்தில் உன் பேரைத்தான் எழுதப் போகிறேன். நீ சொல்லாததை உன் வாயில் வைக்க மாட்டேன், நீ சொன்னதை வேறு யார் தலையிலும் கட்ட மாட்டேன். நம் முறை வரும் நாளில் முனியம்மா அத்தையின் கூடையில் ஒன்றும் போட மாட்டோம். இனி அவளுக்கே வலை இருக்கிறது.

உன் பேச்சையும் உன்னையும் சேர்த்தே வைத்துக்கொண்டிருக்கும்,
உன் மூத்த மகள்